மோட்டார் கரண்ட் வரும் நேரம்

பென்சில் எழுத்தை அழிக்கிற ரப்பரால் கம்ப்யூட்டரின் மெமரித் தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, பொன் நிறத்தில் வரிசையாக இருந்த அதன் பற்களை ஒவ்வொன்றாக. பக்கத்தில் போன் ஸ்பீக்கரில் இருந்தது. என் மனைவி புவனேஸ்வரி பெங்களூரிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அழுத்தித் தேய்க்கக் கூடாது, ஒரே பக்கமாகத் தேய்க்க வேண்டும், ரப்பர் தூளை வாயால் ஊதக் கூடாது, எச்சில் படும். நான் நன்றாக ஊதிவிட்டு, ஊதவில்லை என்றேன். அவள் சிரித்தது கேட்டது. அவள் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். தை மாதம் அறுப்புக்கு வந்தபோது சிரித்திருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை.

தகட்டைத் திரும்பப் பொருத்தி கம்ப்யூட்டரைப் போட்டபோது நாற்பத்தேழு நிமிடம் பேசியிருந்தோம். அதற்கு முந்தைய மாதம் முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு வராது. சாப்பிட்டீர்களா, சாப்பிட்டேன், மழை உண்டா, இல்லை, சரி வைக்கிறேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை இருந்திருந்தால் பேசுவதற்கு ஏதாவது இருந்திருக்கும்.

அந்தக் கம்ப்யூட்டரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கூடத்து மூலையில் சாமி அலமாரிக்குக் கீழே இரவும் பகலும் ஓடுகிற கறுப்புப் பெட்டி. வீட்டுக்கு வருகிற இன்டர்நெட் அதற்குள் நுழைந்துதான் எங்களுக்கு வரும். கொரோனாவில் புவனாவின் ஆபீஸை மூடி எல்லோரையும் ஊருக்கு அனுப்பியபோது, நாங்கள் பெங்களூர் வீட்டைக் காலி செய்துகொண்டு பாகூருக்குத் தெற்கே என் அப்பா விட்டுப்போன வீட்டுக்கு வந்தோம். இங்கே பைபர் லைன் நினைத்தால் வரும், நினைத்தால் போகும். அவள் ஆபீஸில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி வந்து, அதில் பைபரையும் சிம் போட்ட டாங்கிளையும் சேர்த்துக் கட்டினாள். ஒன்று படுத்தால் அடுத்தது தானாக எழுந்துகொள்ளும். நான் அப்போது குடோன் வேலையை விட்டுவிட்டு அப்பாவின் நிலத்தில் இறங்கியிருந்தேன். ஆபீஸ் திறந்தது, அவள் கிளம்பினாள். இந்த ஒரு போகம் முடியட்டும், வந்துவிடுகிறேன் என்றேன். ஏழு போகம் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லாததால் எங்கள் இருவரில் யார் எங்கே இருந்தாலும் யாரும் கேட்பதில்லை.

அந்த வருஷங்களில் அவள் வெயில் ஏறினால் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு மோட்டார் ஷெட்டுக்குப் போய்விடுவாள். வீட்டுக்குப் பின்னால் எண்பது மீட்டர் தூரம். தண்ணீர் கொட்டுகிற இடம், குளிர்ச்சியாக இருக்கும். அதற்காக வீட்டிலிருந்து ஷெட்டுக்குப் பூமிக்கடியில் குழாய் பதித்து நெட் ஒயர் இழுத்தாள். எலி கடித்தால் என்ன செய்வது என்று ஒன்றுக்கு இரண்டாக இழுத்தாள். ஒன்று வேலை செய்யும், மற்றொன்று இரண்டு பக்கமும் சும்மா தொங்கும். வீட்டில் ஒயர்களைப் பிரித்துக் கொடுக்க எட்டு ஓட்டைப் பெட்டி, ஷெட்டில் அதே மாதிரி ஐந்து ஓட்டைப் பெட்டி, அதன் பக்கத்தில் வைபை. எந்த ஒயரைத் தொட்டாலும் அதில் ஒரு வெள்ளை டேப் சுற்றி அவள் கையெழுத்து இருக்கும். பைபர். டிவி. ஷெட். இதைக் கழட்டாதீங்க. உருண்டை உருண்டையான எழுத்து. நான் சும்மா இருக்கிற நேரங்களில் அவற்றைப் படிப்பதுண்டு.

கம்ப்யூட்டர் முதல் முதலாக நின்றது ஆயுத பூஜைக்கு மறுநாள். திரை அப்படியே உறைந்து நின்றது, மௌஸ் அசையவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துப் போட்டேன், கொஞ்ச நேரம் ஓடி மறுபடி நின்றது, மதியத்துக்கு மேல் ஒழுங்காக ஓடியது. மறுநாளும் காலை பத்து மணிக்கு நின்றது. புவனாவுக்குச் சொன்னேன். கருவி கெட்டுப்போனால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. உடனே போன் செய்தாள்.

மெமரியை யார் எவ்வளவு தின்கிறார்கள் என்று நிமிடத்துக்கு ஒரு தரம் எழுதி வைக்கிற சின்ன புரோகிராம் ஒன்றை அங்கிருந்தே உள்ளே அனுப்பினாள். அதில் வந்ததை நான் படித்துச் சொல்லவேண்டும், ஏனென்றால் கம்ப்யூட்டர் உறைந்துபோனால் அவளாலும் உள்ளே வர முடியாது. நாலு ஜிபியில் காலை முழுக்க அறுநூறு எம்பிதான் செலவு. பிறகு பத்து நிமிடத்தில் ஆயிரம், இரண்டாயிரம், மூவாயிரத்து எழுநூறு. அத்தோடு எழுத்து நின்றுவிடும். அவ்வளவையும் தின்றது நெட்வொர்க்தான் என்றாள். எங்கிருந்தோ தாங்க முடியாத அளவுக்கு வந்து கொட்டுகிறதாம், வாங்கி அடுக்க இடமில்லாமல் மிஷின் மூச்சு முட்டி நிற்கிறதாம்.

எங்கிருந்து கொட்டுகிறது என்பதுதான் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் ஒன்றைச் சந்தேகப்பட்டாள். ரப்பர் வைத்தியம் அதில் மூன்றாவது. பைபர் கம்பெனிக்காரன் பெட்டியைக் கழற்றிப் பார்த்தோம். என் போனில் வைரஸ் இருக்கும் என்று அதை ஒரு நாள் முழுக்க அணைத்து வைக்கச் சொன்னாள். அன்றைக்கு லேண்ட்லைன் மாதிரி பக்கத்து வீட்டு ஆரோக்கியத்தின் போனில் பேசினோம். அவர் கொடுத்துவிட்டு நகராமல் நின்று கேட்டுவிட்டு, இது டாக்டர்கிட்ட பேசுற மாதிரி இருக்கே என்றார். மின்விசிறியைத் துடைத்தேன். வேறு அடாப்டர் போட்டேன். ஒன்றுக்கும் மசியவில்லை. முதல் வாரம் காலையில் நின்றது அடுத்த வாரம் மதியம் இரண்டு மணிக்கு மேல் நிற்க ஆரம்பித்தது. ஏதோ அப்டேட் ஓடுகிறது என்று அவள் ஒரு மூன்று நாளை அதில் கழித்தாள்.

நான் ஒரு நோட்டில் நின்ற நேரத்தை எழுதி வைத்தேன், அவள்தான் எழுதச் சொன்னாள். அதற்குப் பக்கத்தில் நாங்கள் பேசிய நிமிடங்களையும் எழுதினேன். அதை அவள் சொல்லவில்லை. 47, 31, 52, 38. நடுநடுவே வேறு பேச்சும் வந்தது. கம்ப்யூட்டர் திரும்பக் கிளம்பும் வரை இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டுமே, அந்த இடைவெளியில். கூட வேலை செய்கிற பெண் ஒருத்திக்கு நிச்சயம் ஆகியிருக்கிறதாம். மாடி வீட்டில் யாரோ வீணை கற்றுக்கொள்கிறார்களாம், ஒரே வரியை மூன்று மாதமாக. தனியாகச் சமைத்துச் சாப்பிடப் பிடிக்காமல் பாதி நாள் பிரட்டோடு படுத்துவிடுகிறாளாம். இதையெல்லாம் சாப்பிட்டீர்களா என்ற கேள்விக்கு அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் நின்றால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் சந்தோஷம்தான் அதிகம்.

தீபாவளிக்கு அவளால் வர முடியவில்லை. ஆபீஸில் அன்றைக்கு டூட்டி அவள் முறை. தீபாவளி அன்று மதியம் கம்ப்யூட்டர் நின்றது. அன்றைக்கு அவள் குரலில் சலிப்பு தெரிந்தது.

"இது போன்ல ஆவற வேல இல்ல. சனிக்கிழம நான் வர்றேன். நேர்ல பாத்தாத்தான் புடிபடும்" என்றாள்.

தீபாவளிக்கு வராதவள் கம்ப்யூட்டருக்கு வருகிறாள். மனதில் சுருக்கென்றது, மறுநிமிடமே அதை மறந்துவிட்டு வீட்டை எப்படிச் சுத்தம் செய்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன். கொல்லை வேலைக்கு வருகிற ராமாயி என்னைப் பார்த்துவிட்டு, "வூட்ட அப்புறம் பெருக்கு தம்பி, மொதல்ல மூஞ்சிய செரைச்சிக்க" என்றாள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மோட்டார் லைனில் மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தது. வீட்டுக்குக் கரண்ட் இருந்தது, வயலுக்கு மட்டும் இல்லை. புதன்கிழமையும் வரவில்லை. எங்கள் பக்கம் மோட்டார் கரண்ட்டுக்கு முறை உண்டு. ஒரு வாரம் காலையில், அடுத்த வாரம் மதியத்துக்கு மேல். நட்டு இருபது நாளான சம்பா, மழையும் தள்ளிப்போய் நிலம் வெடிப்பு விட ஆரம்பித்திருந்தது. அந்தக் கவலையில் நான் கம்ப்யூட்டரைக் கவனிக்கவில்லை. புதன்கிழமை சாயந்தரம் நோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டு நாளாக அது நிற்கவே இல்லை. போனும் வரவில்லை.

வியாழக்கிழமை மதியம் இரண்டேகாலுக்கு லைன்மேன் கம்பியைச் சேர்த்தார். மோட்டார் உறுமியது. ஓடிப்போய் மடையைத் திருப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டர் செத்துக் கிடந்தது.

கூடத்தில் அப்படியே உட்கார்ந்தேன். நோட்டைப் புரட்டினேன். காலை வாரம் காலையில், மதிய வாரம் மதியத்தில். கரண்ட் இல்லாத நாளில் இல்லை. பெங்களூரில் உட்கார்ந்திருப்பவளுக்கு இது எப்படித் தெரியும். மோட்டார் முறை தெரிந்தவன் நான்தான், மூன்று வாரமாகக் கண்ணெதிரே எழுதி வைத்துக்கொண்டு பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

ஷெட்டுக்குப் போனேன். ஐந்து ஓட்டைப் பெட்டி மோட்டார் போர்டிலிருந்துதான் கரண்ட் எடுக்கிறது, மோட்டார் கரண்ட் வந்தால்தான் அதற்கு உயிர். விளக்குகள் எல்லாம் வெறிபிடித்த மாதிரி மின்னிக்கொண்டிருந்தன. அதில் வைபை ஒயர் தவிர வீட்டிலிருந்து வருகிற இரண்டு ஒயரும் சொருகியிருந்தன. இரண்டும். அப்போதுதான் ஆயுத பூஜை நினைவுக்கு வந்தது.

பூஜைக்கு வைக்கிற பொருள் குறையில்லாமல் இருக்கவேண்டும் என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அன்றைக்கு மண்வெட்டிக்குக் காம்பு ஆடக் கூடாது, ஸ்பிரேயருக்கு மூடி இருக்கவேண்டும், பைக்கில் கழன்ற திருகாணி இருந்தால் போட்டுவிட்டுத்தான் பொட்டு வைப்போம். நான் கம்ப்யூட்டரையும் பெட்டிகளையும் ஈரத்துணியால் துடைத்தேன். ஒயரில் சுற்றியிருந்த டேப் ஒன்றிரண்டு துணியோடு வந்துவிட்டது. ஒரு ஒயர் சும்மா தொங்கியது, பக்கத்தில் ஓட்டை காலியாக இருந்தது. சொருகினேன். ஷெட்டிலும் அதே மாதிரி ஒன்று தொங்கியது, அங்கேயும் சொருகினேன். பிளக்கும் பெட்டியும் சேர்கிற இடத்தில் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைத்தேன். கற்பூரம் காட்டினேன். இரண்டு பெட்டிக்கு நடுவே இரண்டு வழி ஆகிவிட்டது. ஒன்றில் போனது மற்றதில் திரும்பி வந்து, மறுபடி போய், சுற்றச் சுற்றப் பெருகி, கடைசியில் எல்லாம் கம்ப்யூட்டர் தலையில் விழுந்திருக்கிறது. இறைத்த தண்ணீர் கிணற்றிலேயே விழுகிற மாதிரி.

அந்த ஒயரைப் பிடுங்கினேன். விளக்குகள் அடங்கின. வீட்டுக்குப் போய்க் கம்ப்யூட்டரைப் போட்டேன். அரை மணி நேரம் முன்னால் உட்கார்ந்திருந்தேன். மோட்டார் ஓடியது, மெமரி அறுநூறைத் தாண்டவில்லை. போனைக் கையில் எடுத்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று சொன்னால் பாராட்டுவாள், அது உறுதி. பிறகு சனிக்கிழமை வர வேண்டியதில்லை என்றும் சொல்லுவாள். டிக்கெட்டைக் கேன்சல் செய்வாள். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வைப்பாள்.

போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குத் திரும்பிப் போனேன். ஒயரை இருந்த ஓட்டையிலேயே சொருகினேன். மடையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவதற்குள் கம்ப்யூட்டர் நின்றிருந்தது.

சனிக்கிழமை காலை எட்டரைக்குப் பாகூரில் அவளைப் பைக்கில் ஏற்றிக்கொண்டேன். முன்பைவிட இளைத்திருந்தாள், அதைச் சொன்னேன். நீங்கள் கறுத்துவிட்டீர்கள் என்றாள். குளித்துவிட்டு, நான் வாங்கி வைத்திருந்த எறாவைப் பார்த்துவிட்டு அவளே உட்கார்ந்து உரித்தாள். சமைத்தோம், சாப்பிட்டோம். கம்ப்யூட்டர் ஒரு தொந்தரவும் கொடுக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. எப்போது நிற்கும் என்று கேட்டாள். மதியத்துக்கு மேல் என்றேன். அதுவரை தூங்குகிறேன் என்று கூடத்திலேயே பாயைப் போட்டுப் படுத்தாள். பஸ்ஸில் சரியாகத் தூங்கியிருக்கமாட்டாள். விசிறிக் காற்றில் அவள் தலைமுடி பறந்து பறந்து முகத்தில் விழுந்தது. நான் எதிர்ச்சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். இந்த வாரம் மட்டும் மோட்டார் கரண்ட் வராமலே போகட்டும் என்று நினைத்தேன், பயிர் காய்ந்துகொண்டிருந்தும்கூட.

இரண்டு மணிக்கு வந்துவிட்டது. புவனா எழுந்து வாரிக் கட்டிக்கொண்டு திரையின் முன்னால் உட்கார்ந்தாள். எண்கள் ஏறுவதைப் பார்த்தாள். எட்டு ஓட்டைப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தாள். ஐந்தாவது ஒயரைப் பிடுங்கியதும் எண் இறங்கியது. மூன்று வாரமாக நாங்கள் தேடியதை மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டாள்.

"டேப் எங்க இதுல? யாரு சொருவுனது?" என்று கேட்டாள்.

ஆயுத பூஜைக்கு நான் செய்ததைச் சொன்னேன். பிளக்கில் காய்ந்திருந்த சந்தனத்தை விரலால் சுரண்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. உலகத்தில் யாரும் கம்ப்யூட்டரைக் கும்பிட்டுக் கெடுத்திருக்கமாட்டார்கள் என்றாள். அப்படியே எழுந்து, செருப்பு போட்டுக்கொண்டு, ஷெட்டைப் பார்க்கலாம் வாருங்கள் என்றாள். அவள் உட்கார்ந்து வேலை பார்த்த பிளாஸ்டிக் நாற்காலி இன்னும் அங்கேயே இருந்தது. அதைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு ஐந்து ஓட்டைப் பெட்டியிடம் குனிந்தாள்.

அங்கே வைத்திருந்த பொட்டு நடுவில் உடைந்திருந்தது. பாதிச் சந்தனம் பிளக்கில், பாதி பெட்டியில். இரண்டும் ஒட்டவில்லை. இடையில் வெள்ளையாக ஒரு கீறல். வீட்டில் அவள் பிடுங்கும் வரை அந்தப் பக்கத்துப் பொட்டு உடையாமல் முழுதாக இருந்தது. அதை நான் அப்போதுதான் யோசித்தேன். அவள் பிளக்கை ஒரு விரலால் அசைத்துப் பார்த்தாள்.

"இது ஒடஞ்சிருக்கே" என்றாள்.

"காஞ்சா ஒடையும்" என்றேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். நீங்கள் போய் மடையைப் பாருங்கள், நான் இதைச் சரி செய்துவிட்டு வருகிறேன் என்றாள். நான் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தேன். திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அன்றைக்கு மீதி நேரம் நன்றாகத்தான் போயிற்று. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் அவளைப் பாகூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் விட்டேன். பஸ் வர நேரமாயிற்று. வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன், பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டாள். மேகம் ஏறிக்கொண்டிருந்தது. சொல்லாமல் அனுப்பினால் அடுத்த போகம் வரைக்கும் தூக்கம் வராது என்று தோன்றியது.

"வியாழக்கிழமையே கண்டுபுடிச்சிட்டேன் புவனா. சொன்னா நீ வரமாட்டன்னு திரும்ப சொருவிட்டேன்."

"தெரியும்" என்றாள் ரோட்டைப் பார்த்தபடி.

கோபமா இல்லையா என்று அவள் முகத்தில் எனக்குப் படிக்கத் தெரியவில்லை. பதினாறு வருஷம் கூட வாழ்ந்தவன் வெட்கப்பட வேண்டிய விஷயம். பஸ் வந்தது. ஏறி ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். போய்ச் சேர்ந்ததும் மெசேஜ் போடுகிறேன் என்றாள். போட்டாள். ரீச்டு என்று ஒரு சொல்.

அன்றிரவே மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடவில்லை. மோட்டாருக்கு வேலை இல்லை. வயலில் தண்ணீர் நின்றது, வடிகால் வெட்டுவதற்கு ராமாயியும் நானும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அலைந்தோம். கம்ப்யூட்டர் நிற்கவே இல்லை. திரையில் அது எத்தனை நாளாக ஓடுகிறது என்று ஒரு மூலையில் காட்டும். ஒரு நாள், இரண்டு நாள், நாலு நாள். இனி அங்கிருந்தே அவளால் உள்ளே வந்து எல்லாவற்றையும் பார்க்க முடியும், என்னைக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. புதன்கிழமை ஒரு தரம் போன் செய்தாள். சாப்பிட்டீர்களா என்றாள். மழை உண்டா என்றாள். நோட்டில் எழுதினேன்: 2. பிறகு அதை அடித்துவிட்டு நோட்டை அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் வெயில் வந்தது. ஷெட்டு ஓட்டில் ஒழுகி ஸ்டார்ட்டர் நனைந்திருக்கும் என்று பார்க்கப் போனேன். நனையவில்லை. கரண்ட் இருந்தது, ஓடுகிறதா என்று பார்க்க மோட்டாரைப் போட்டேன். திரும்பும்போது ஐந்து ஓட்டைப் பெட்டியைப் பார்த்தேன். அன்றைக்கப்புறம் அந்தப் பக்கம் நான் பார்க்கவே இல்லை. உபரி ஒயரைச் சுருட்டி நூல் கட்டி ஆணியில் மாட்டியிருந்தாள். பிளக்கில் பாதிச் சந்தனம் அப்படியே இருந்தது. அது சொருகியிருந்த ஓட்டையின் குறுக்கே புதிதாக ஒரு வெள்ளை டேப். அதில் உருண்டை எழுத்தில், இடம் போதாமல் இரண்டாவது வரியை நெருக்கி நெருக்கி எழுதியிருந்தாள்:

இதுல எதையும் சொருவாதீங்க.
போன் பண்ணுங்க.

சனிக்கிழமை மதியமே எழுதி ஒட்டியிருக்கிறாள். பஸ் ஸ்டாண்டில் நான் சொல்வதற்கு ஒரு நாள் முன்னால்.

அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தேன். மணி பத்தரை. ஆபீஸில் இருப்பாள். கம்ப்யூட்டர் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, பயிர் பிழைத்துக்கொண்டது. சொல்வதற்குக் கையில் ஒரு குறையும் இல்லை. எதைச் சொல்லி ஆரம்பிப்பது என்று தெரியாமலே அவள் பெயரை அழுத்திக் காதில் வைத்தேன். மணி போக ஆரம்பித்தது. வெளியே குழாயிலிருந்து முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் விட்டு விட்டு வந்து, பிறகு ஒரே சீராகத் தெளிந்து கொட்டியது.